மறு: நிமிர்ந்த கோடுகள் உச்சியில் நெருங்குவதற்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

படத்திருத்த மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். லென்சுத் திருத்தப் பகுதி மட்டும்தான் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் கோப்பை அனுப்பியாக வேண்டும். உயரமான கட்டடத்தை அண்ணாந்து எடுத்தால் பக்கச் சுவர்கள் மேலே போகப் போக நெருங்கி, கட்டடமே பின்னால் மல்லாந்து விழுவதுபோல் இருக்குமே, அந்த விளைவுக்கும் அதைச் சரிசெய்யும் பொத்தானுக்கும் பெயர் வேண்டும். இப்போது கோப்பில் 'முன்னோக்குத் திரிபு' (ஆங்கிலத்தில் perspective distortion) என்று இருக்கிறது. எனக்கே விளங்கவில்லை. பட்டியில் இரண்டு சொல்லுக்கு மேல் அடங்காது.

*

> 'முன்னோக்குத் திரிபு' என்று இருக்கிறது

முதல் பாதியை விட்டுவிடலாம். 'முன்னோக்கு' என்பதற்குப் பதில் 'கண்ணோட்டம்' என்று எழுதுவோரும் உண்டு. குறளில் அது ஓர் அதிகாரத்தின் தலைப்பு, அங்கே பொருள் இரக்கம். இன்றைய வழக்கில் கருத்துநிலை. இரண்டும் கேமராவுக்கு ஆகாது.

என்னை உறுத்துவது 'திரிபு'. நன்னூல் தோன்றல், திரிதல், கெடுதல் என்று விகாரத்தை மூன்றாகப் பிரிக்கிறது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது னகரம் றகரமாகிறது. ஒன்று வேறொன்றாவதே திரிதல். சில அகலக்கோண லென்சுகளில் ஓரத்து நேர்க்கோடு வில்லாக வளைகிறதே, அது திரிபு. 'பீப்பாய்த் திரிபு' மிகப் பொருத்தமான பெயர். நாம் பேசும் விளைவில் எந்தக் கோடும் வளைவதில்லை. கோடுகளின் இணைத்தன்மை மட்டுமே போகிறது.

லென்சின் மேலும் குற்றமில்லை. உணரியின், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் தகட்டின், தளம் சுவருக்கு இணையாக இருக்கும்வரை நிமிர்ந்த கோடுகள் இணையாகவே விழும். கேமராவை அண்ணாத்தினால், லென்சின் அச்சு வழியே அளக்கும்போது உச்சி அடியைவிடத் தொலைவுக்குப் போய்விடுகிறது, தொலைவானது சிறுக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண்மட்டத்துக்கு மேல் 30 மீட்டர் உயரும் சுவரை 30 மீட்டர் தள்ளி நின்று, 15 பாகை அண்ணாத்தி எடுத்தால், கண்மட்டத்தில் 100 அலகாக விழும் அகலம் உச்சியில் 79 ஆகிறது. அதே சாய்வோடு 60 மீட்டர் தள்ளி நின்றால் 88. சாய்வே இல்லாவிட்டால் எங்கே நின்றாலும் 100.

ஆகவே என் பரிந்துரை 'கூம்பல்'. தாமரை கூம்பும், கைகள் கூம்பும். சங்கப் பாடல்களில் பாய்மரத்துக்கும் கூம்பு என்றே பெயர். நிமிர்ந்து நின்று நுனி சிறுத்தது. கூப்பு, குவி, குமி எல்லாம் இதே வேர்க் குடும்பம் என்பது என் துணிபு. இன்னொரு வசதி, குறள் 425 'மலர்தலும் கூம்பலும்' என்று சொல்லை இணையாகவே தருகிறது. மாடியிலிருந்து குனிந்து எடுத்தால் எதிர்க்கட்டடம் அடியில் குறுகி மேலே விரியுமே, அது மலர்தல். திருத்த அளவை இருபுறமும் நகர்த்தும் இழுபட்டியின் இரு முனைக்கும் பெயர் கிடைத்துவிட்டது.

*

ஐயா, வேர் ஆராய்ச்சி சுவையாக இருக்கிறது. ஆனால் புரொஜெக்டரில் 'கீஸ்டோன்' என்ற பெயரைப் பார்த்துப் பழகியவர்கள் எத்தனை பேர்! 'கீஸ்டோன் திருத்தம்' என்று போட்டால் வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை நமக்காகக் காத்திருக்காது.

*

கீஸ்டோன் என்பது வளைவின் உச்சியில் செருகும் ஆப்பு வடிவக் கல். மேலே அகலம், கீழே குறுகல். புரொஜெக்டரை அண்ணாத்தினால் திரையில் படம் மேலே அகன்றுதான் விழும், அங்கே பெயர் சரி. அண்ணாந்து எடுத்த கட்டடப் படமோ அந்தக் கல்லைத் தலைகீழாக்கியது. ஒலிபெயர்த்தாலும் பெயர் படத்துக்கு நேர்மாறாக நிற்கும்.

*

ஒளிப்பட வகுப்பு எடுப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கைபேசித் திரையில் கட்டக்கோடுகளைப் போட்டு, கதவுநிலைக்கு எதிரே நேராகப் பிடிக்கச் சொல்வேன். இரண்டு நிலைக்கால்களும் கட்டத்தோடு ஒட்டி நிற்கும். கைபேசியின் மேல்விளிம்பை இரண்டு விரற்கடை தங்கள் பக்கம் சாய்த்ததும் கால்கள் உச்சியில் உள்ளே வரும். யாரும் சொல்லித்தராமலே பிள்ளைகள் சொல்வது, "மேல ஒடுங்குது டீச்சர்!" கூம்பல் என்றால் கணக்குப் பாடத்துக் கூம்பைத்தான் நினைப்பார்கள். 'ஒடுங்கல்' என்று வைப்பதில் என்ன தடை?

*

அம்மா, ஒடுங்கிய சந்து முழுநீளமும் ஒடுக்கமாகவே இருக்கலாம். கூம்பலில்தான் நுனியை நோக்கிச் சிறுத்துப்போகும் போக்கு இருக்கிறது.

இதோடு 'திருத்தம்' என்ற சொல்லையும் யோசிக்க வேண்டும். நிக்கான் 1962-இல் கொண்டுவந்த 35 மி.மீ. நகர்வு லென்சில் கேமராவைச் சாய்க்காமலே லென்சை மட்டும் மேலே தள்ளி உச்சியைப் பிடிக்கலாம். படத்தில் திருத்த ஒன்றுமிராது. மென்பொருள் செய்வது வேறு. குறுகிய உச்சியை இழுத்து அகலமாக்குகிறது, ஓரங்களை வெட்டுகிறது, மேற்பகுதியின் கூர்மை குறைகிறது. முழுக்கச் சரிசெய்தால் கட்டடம் தலை பெருத்ததுபோல் தெரியும் என்று கொஞ்சம் மிச்சம் வைப்போரும் உண்டு. பொத்தானுக்கு 'நிமிர்த்து' என்ற ஏவலே போதும்.

*

நன்றி. 'நிமிர்த்து' என்பதற்கு மறுப்பு வரவில்லை, பொத்தானில் அதையே போட்டுவிட்டேன். விளைவின் பெயருக்குத் தனிமடல்களையும் சேர்த்து எண்ணினால் கூம்பலுக்கு நான்கு, ஒடுங்கலுக்கு இரண்டு, கீஸ்டோனுக்கு இரண்டு. இழுபட்டியில் கூம்பல், மலர்தல். சுட்டியைக் கொண்டுபோனால் வரும் விளக்கத்தில் கீஸ்டோன் என்பதும் இருக்கும். கோப்பு இன்றிரவு போகிறது.

*

போகட்டும். என் பாடக்குறிப்பில் ஒடுங்கல் என்றுதான் இருக்கும். 'மலர்தல்' என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்த பதிப்புக்குள் எழுதுகிறேன்.