நெபுலைசரில் புகை வரவில்லை, உடனே உதவி வேண்டும்

நிலாவின் அப்பா:
நேற்றுப் போகிப் புகை பட்டதிலிருந்து மகளுக்கு இரைப்பு. மருந்தைப் புகையாக்கி மூச்சில் கொடுக்கும் நெபுலைசர் ஓடும் சத்தம் கேட்கிறது, மருந்துப் புகைதான் வரவில்லை. 20 நிமிடம் ஆகியும் மருந்து குப்பியில் அப்படியே நிற்கிறது. என்ன செய்வது?

மதுரை வாசகி:
குழந்தைக்கு என்ன வயது, என்ன மருந்து ஊற்றினீர்கள், இயந்திரம் எந்த வகை என்பதைச் சொல்லாமல் எப்படிப் பதில் தருவது, சகோதரரே?

ஓய்வுபெற்ற செவிலியர்:
முதலில் சட்டையைக் கழற்றி நெஞ்சைப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்கிடையே சதை உள்ளே குழிந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இயந்திரத்தை விட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள்.

கோவைத் தந்தை:
வடிகட்டிதான் காரணம். எங்கள் வீட்டில் அந்த வெள்ளைப் பஞ்சு கறுத்துப் போயிருந்தது, மாற்றியதும் சரியாயிற்று.

நிலாவின் அப்பா:
வயது 5. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமால் 2.5 மில்லிகிராம், அதன்பின் மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும் புடெசொனைடு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். குழாய் மாட்டும் பெட்டி வகை. பஞ்சு வெள்ளையாகத்தான் இருக்கிறது. விலா குழியவில்லை, பேசுகிறாள்.

பழைய உறுப்பினர்:
இதற்கு இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. ஸ்பேசர் என்னும் மருந்து தேங்கும் குழலும் முகமூடியும் மாட்டி இன்ஹேலரை முறையாகக் கொடுத்தால், சாதாரண இரைப்புக்கு அது நெபுலைசருக்குக் குறைந்ததன்று. அடிப்படையைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

மதுரை வாசகி:
நீங்கள் சொல்வது உண்மைதான், ஐயா. ஆனால் இரைக்கும் குழந்தையை மடியில் வைத்திருப்பவரிடம் சொல்லும் முறையா இது?

கோவைத் தந்தை:
என் மகன் ஸ்பேசரைத் தள்ளிவிடுவான். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால்தான் அடங்கும்.

ஓய்வுபெற்ற செவிலியர்:
ஆவி ஆஸ்துமாவுக்கு மருந்தாகாது, தம்பி. கொதிநீர் கவிழ்ந்து தொடை வெந்த குழந்தைகளுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். நிலாவின் அப்பா, குப்பியைத் திறந்து பாருங்கள்: அடியில் காற்று வரும் முனையின்மேல் கூம்பு போன்ற சிறிய பிளாஸ்டிக் துண்டு ஒன்று கவிழ்ந்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மருந்து மேலே ஏறிப் புகையாகாது. கழுவும்போது கழன்று விழுந்துவிடும்.

நிலாவின் அப்பா:
அதேதான். தொட்டியின் சல்லடையில் கிடந்தது. கழுவி மாட்டிப் புது மருந்து ஊற்றினேன், 10 நிமிடத்தில் தீர்ந்தது. இரைப்பு குறைந்தாலும் முழுதாக அடங்கவில்லை, மருத்துவமனைக்குக் கிளம்புகிறோம். நன்றி அக்கா.

ஓய்வுபெற்ற செவிலியர்:
எந்த மருந்தை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். புடெசொனைடு கொடுத்த பின் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்க வைத்து, முகமூடி பட்ட இடத்தைத் துடைத்துவிடுங்கள்.