'தி திங்' (1982): புதிதாகப் பார்ப்பவர்களுக்குப் போடும்போது சிரிப்பு வருமா, பயம் வருமா?

பனிக்காற்று (கேள்வி)

ஜான் கார்பென்டரின் 'தி திங்' படத்தை (அண்டார்டிகா ஆய்வு நிலையத்தில், யாரைப் போலவும் உருமாறி நடிக்கும் வேற்றுக்கிரக உயிர் ஆட்களுக்குள் கலந்துவிடும் கதை) இதுவரை பார்க்காத எட்டுப் பத்துப் பேருக்குப் போட வேண்டும். எல்லாரும் கணினி கிராபிக்ஸ் பார்த்தே வளர்ந்தவர்கள். தலை தனியாகக் கழன்று, கால் முளைத்து நடக்கும் இடத்தில் கூட்டம் சிரித்துவிடும் என்கிறார்கள். அதைத் தவிர்க்க முடியுமா? டிவியில் எதை மாற்ற வேண்டும்? (பதில்களில் கதை முழுவதும் உடைபடும். பார்க்காதவர்கள் இத்தோடு நின்றுகொள்ளுங்கள்.)

ரீல்பெட்டி

சிரிக்கட்டும் விடுங்கள். அந்தச் சிரிப்பு திரைக்கதையிலேயே இருக்கிறது. நிலையத்து ஆட்களில் ஒருவனான நாரிஸின் தலை தரையில் ஊர்ந்து நழுவும்போது, கூட இருக்கும் பால்மர் அதைப் பார்த்து நம்ப முடியாமல் ஒரு கெட்ட வார்த்தை சொல்வான். பார்ப்பவர்கள் மூச்சு விடுவதற்காகவே வைத்த வசனம். இதில் குசும்பு என்னவென்றால், அதைச் சொல்பவனே மனிதன் இல்லை என்பது சற்று நேரத்தில் தெரியவரும். இரண்டாவது முறை பார்ப்பவருக்கு அங்கே சிரிப்பு வராது.

சரியாக விழ வேண்டிய அடி அதற்கு முன்னால் இருக்கிறது. டாக்டர் காப்பர் நாரிஸின் மார்பில் மின் அதிர்ச்சி கொடுக்கிறார். பார்ப்பவர் கண் நாரிஸின் முகத்தில்தான் இருக்கும், பிழைப்பானா மாட்டானா என்று. அந்த நேரத்தில் மார்பே வாயாகத் திறந்து டாக்டரின் இரு கைகளையும் கடித்துத் துண்டாக்குகிறது. இதை எடுக்க, இரு கைகளும் இல்லாத ஒருவருக்கு டாக்டரின் முகமூடி போட்டு, மெழுகு எலும்பும் ரப்பர் நரம்பும் ஜெல்லியும் வைத்த பொய்க்கைகளைப் பொருத்தினார்கள். படுத்திருக்கும் உடலும் செய்த உடல்தான். இந்த உருவங்களைச் செய்த ராப் பாட்டினுக்கு அப்போது இருபது வயது தாண்டி ஓரிரு ஆண்டுதான். நாய்க் கூண்டுக் காட்சியின் உருவம் மட்டும் இன்னொரு மேக்கப் கலைஞரான ஸ்டான் வின்ஸ்டன் குழுவின் வேலை.

இதையெல்லாம் படத்துக்கு முன்னால் சொல்லாதீர்கள். செய்முறை தெரிந்துவிட்டால் எல்லாரும் ரப்பரைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

கருப்புத்திரை

டிவி பற்றி. ரப்பர் ரப்பராகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் டிவியின் அமைப்புதான்.

முதல் வேலை, மோஷன் ஸ்மூத்திங்கை அணைப்பது. ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும். படம் நொடிக்கு 24 ஃபிரேம். பொம்மையின் அசைவில் உள்ள லேசான மங்கல்தான் அதற்கு உயிர் கொடுக்கிறது. டிவி இடையில் ஃபிரேம்களைத் தானாக நுழைத்தால் அந்த மங்கல் போய்விடும், கம்பி வைத்து இழுப்பது அப்பட்டமாகத் தெரியும். அடுத்து 'விவிட்' மோடை விட்டு 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடுக்கு வாருங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷனும் வேண்டாம், ஃபிலிம் கிரெயினோடு (படச்சுருளின் பொடிப் புள்ளிகள்) தோலின் நுணுக்கமும் வழித்துப் போய்விடும். ஷார்ப்னெஸை, உருவங்களைச் சுற்றி வெள்ளை விளிம்பு மறையும் வரை குறைக்கவும்.

கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் பிரைட்னெஸில் கை வைக்காதீர்கள். கறுப்பு முதல் வெள்ளை வரையான அளவைச் சொல்லும் அமைப்பு பிளேயரிலும் டிவியிலும் ஒன்று 'ஃபுல்', ஒன்று 'லிமிடெட்' என்று இருந்தால் இப்படித்தான் ஆகும். இரண்டையும் ஒன்றாக்குங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது சரிதான், படம் அகலத்திரையில் எடுத்தது. பெரிதாக்கி நிரப்பினால் ஓரத்தில் நிற்பவர்கள் வெட்டுப்படுவார்கள். இந்தப் படத்தில் ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் கதையே.

ஒலியில் 'நைட் மோட்' இருந்தால் நிறுத்துங்கள். யார் மனிதன் இல்லை என்று கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனைக் காட்சியில் நாயகன் மெக்ரெடி சூடான கம்பியால் பால்மரின் ரத்தத்தைத் தொடும்போது, நிலையத் தலைவர் கேரியைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பான். இசை ஏறி எச்சரிக்காது. பேச்சின் நடுவில் ரத்தம் அலறிக்கொண்டு குதிக்கும். தாழ்ந்த சத்தத்தையும் உரத்த சத்தத்தையும் சமமாக்கிவிட்டால் அந்தக் காட்சி செத்துவிடும். பேச்சு கேட்கவில்லை என்றால் சென்டர் ஸ்பீக்கரை மட்டும் 2 டெசிபல் ஏற்றினால் போதும். இசையமைப்பாளர் மோரிகோனியின் தொடக்க இசையில் இதயத் துடிப்பு போல வரும் பேஸ், டிவியின் சொந்த ஸ்பீக்கரில் காணாமல் போகும். அதற்கு ஒரு சவுண்ட்பாராவது வேண்டும்.

மூன்றாம்மணி

சப்டைட்டிலையும் முன்கூட்டியே சோதியுங்கள். ஆரம்பத்தில் ஒரு நாயைத் துரத்திவரும் நார்வேக்காரர் துப்பாக்கியோடு கத்துவது வெறும் கூச்சல் அல்ல. இது நாய் இல்லை, நாயைப் போல் நடிக்கிறது என்றுதான் கத்துகிறார். படத்தில் அதற்கு மொழிபெயர்ப்பு கிடையாது, புரியாமல் போவதில்தான் விஷயம். சில கோப்புகளில் யாரோ நல்ல மனதோடு அதையும் மொழிபெயர்த்து வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் அந்த வரிகளை நீக்கிவிடுங்கள்.

1982இல் விமர்சகர்கள் படத்தைக் கிழித்ததை வைத்து இப்போதுள்ளவர்களை எடை போட வேண்டாம். 'ஈ.டி.' வெளிவந்து இரண்டே வாரத்தில், ஜூன் 25 அன்று, 'பிளேட் ரன்னர்' வந்த அதே நாளில் இது வந்தது. அன்பான வேற்றுக்கிரகவாசிக்கு ஊரே கண்ணீர் விட்ட கோடை அது. கதாபாத்திரங்களில் ஆழமில்லை, அருவருப்புதான் மிஞ்சுகிறது என்றார்கள். முதல் குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை உண்டு: பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் பெயர் மனதில் நிற்க நேரமாகும். அதனால் ஆட்களின் பெயரும் வேலையும் மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதில் தப்பில்லை.

பனிக்காற்று

நன்றி. முடிவில் மெக்ரெடியோடு மிஞ்சும் சைல்ட்ஸ் வாயிலிருந்து குளிரில் ஆவி வரவில்லை, அதனால் அவன்தான் அந்த வேற்றுக்கிரக உயிர் என்று ஒருவர் இப்போதே அடம்பிடிக்கிறார். என்ன சொல்ல?

ரீல்பெட்டி

பென்னிங்ஸ் என்பவன் உருமாறும் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். முழுதாக மாறாத கைகளோடு பனியில் உட்கார்ந்து அலறும்போது அவன் வாயிலிருந்து ஆவி வரும். அவன் அப்போது மனிதன் இல்லை. ஆக, ஆவி எதையும் நிரூபிக்காது. மெக்ரெடிக்குப் பின்னால் வெளிச்சம் இருப்பதால் அவனுடையது பளிச்சென்று தெரிகிறது, அவ்வளவுதான். இதைவிடத் தேறுவது, மனிதனாக இருப்பவன் கண்ணில் ஒளி மினுங்கும் என்ற வாதம், ஒளிப்பதிவாளர் டீன் கண்டியே அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். நாய் ஓர் அறைக்குள் நுழையும்போது சுவரில் தெரியும் நிழல் யாருடையது என்று மட்டும் துப்பறிய வேண்டாம். யாரென்று தெரியக் கூடாது என்றே முக்கிய நடிகர்களை விட்டுவிட்டு வேறு ஆளை நிறுத்தி எடுத்தது அது.

கருப்புத்திரை

இடைவேளை விட்டே ஆக வேண்டும் என்றால் நிலையத்து ஆட்களில் ஒருவரான ப்ளேரைக் கொட்டகையில் பூட்டிய பிறகு விடுங்கள். மொத்தம் 109 நிமிடம். நாரிஸ் மயங்கி விழுவதிலிருந்து ரத்தப் பரிசோதனை முடியும் வரை நிறுத்தவே கூடாது, யாருக்குப் போன் வந்தாலும் சரி.