புதுப்பிப்பு: முதல் சம்பளத்துச் சுங்குடிச் சேலை

1986-இல் மதுரை அச்சகமொன்றில் எழுத்துக் கோப்பவனாகச் சேர்ந்து, முதல் மாதச் சம்பளமான 150 ரூபாயில் அம்மாவுக்கு நீலச் சுங்குடிச் சேலை வாங்கியதைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துக் காட்டியபோது, சேலையின் நிறம் நீலமன்று, அரக்கு என்று அம்மா திருத்தினார். பெட்டியிலிருந்து எடுத்தும் காட்டினார். துணியைச் சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் நனைப்பதால் விழும் அந்த வெள்ளைப் புள்ளிகள், எத்தனையோ முறை துவைத்த பின்னும் தெளிவாகவே இருக்கின்றன. ஈய எழுத்துகளை அடுக்கி அடுக்கிக் கறுத்துப்போன என் விரல்களைக் கண்ட கடைக்காரர், சேலையை என்னிடம் தராமல் தாமே விரித்துக் காட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மீதிப் பணம் வீட்டு வாடகைக்குப் போனதாக நான் எழுதியதும் தவறு. அது மளிகைக் கடனை அடைத்ததாம். அதை அப்பா என்னிடம் சொல்லவே இல்லை.