ரெண்டு வாண்டுகளோட ஹோட்டலுக்குப் போக எதைப் பார்த்து இடம் முடிவு பண்றீங்க?

இரட்டைவால்_அம்மா:

பெரியவனுக்கு ஆறு வயசு, சின்னவளுக்கு ஒன்றரை. வர்ற மாசம் மாமனாருக்கு 70 முடியுது. "வீட்ல வேண்டாம்மா, நீயும் ஒருநாள் உட்கார்ந்து சாப்பிடு, வெளியில போவோம்"னு அவரே சொல்லிட்டார். அவர் வாய்க்கு சர்க்கரைதான் போடணும். ஆனா எங்கே போறதுன்னுதான் தெரியல.

'ஃபேமிலி ரெஸ்டாரண்ட்'னு போர்டு இருந்தா போதும்னு நினைக்கிறவங்க ஒருதடவை எங்க வீட்டு ரெண்டையும் கூட்டிட்டுப் போய்ப் பாக்கணும். கடைசியா போன இடத்துல (பேர் வேண்டாம்) இருந்தது ஒரே ஒரு ஹை சேர், அதுக்கும் பெல்ட் கிடையாது. சின்னது சறுக்கிச் சறுக்கி கீழ இறங்கிட்டே இருந்தா. ஒரு கையால அவளைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால சாப்பிட்டேன். பெரியவன் விளையாட்டு ஏரியாவை விட்டு வரவே இல்ல. சாப்பாடு வந்து சேர்றதுக்குள்ள ஒண்ணு தூங்கிடுச்சு, இன்னொண்ணுக்குப் பசியே போயிடுச்சு.

இதுல மாமனாருக்குக் காதுல மெஷின் வேற. இரைச்சலான இடத்துல அவருக்கு ஒண்ணும் புரியாது, சும்மா சிரிச்சுட்டு உட்கார்ந்திருப்பார். அவர் பிறந்தநாள்ல அப்படி உட்கார வைக்க மனசு வரல.

கடைப் பேரெல்லாம் வேண்டாம். போறதுக்கு முன்னாடி போன்ல என்ன கேக்கணும், உள்ள நுழைஞ்சதும் எதைப் பாக்கணும்? போன் கையில கொடுத்து உட்கார வைங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்.

நிலா_அப்பா:

விளையாட்டு ஏரியா பெரிசா இருக்கிற இடம்தான் சிஸ்டர். பசங்க அங்க, நாம இங்க. வேற என்ன வேணும்?

இரட்டைவால்_அம்மா:

ஒன்றரை வயசை அங்க தனியா விட முடியாதே சார். கூட ஒருத்தர் போய் நிக்கணும். எங்க வீட்ல அந்த ஒருத்தர் யாருன்னு நான் சொல்லணுமா?

பழைய_ஃப்ளோர்_சூப்பர்வைசர்:

ஹோட்டல் ஃப்ளோர்ல வருஷக்கணக்கா நின்னவன் நான். என் கட்சி ஒண்ணுதான்மா: குழந்தைக்கு ஏத்த ஹோட்டல்னா, குழந்தையோட தட்டு சீக்கிரம் வர்ற ஹோட்டல். பலூன், ஓவியம், சறுக்குமரம் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். பசிச்ச குழந்தைக்கு அரை மணி நேரம்ங்கறது நமக்கு அரை நாள்.

தட்டு ஏன் லேட்டாகுதுன்னு உள்ளே இருந்து சொல்றேன். நீங்க எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னா சர்வர் ஒரே கே.ஓ.டி.யா (கிச்சனுக்குப் போற ஆர்டர் சீட்டு) எழுதி அனுப்புவார். ஒரு டேபிளுக்கு எல்லாம் சேர்ந்து போகணும்னு கிச்சன் நினைக்கும். குழந்தைக்குச் சொன்ன சின்ன அயிட்டம் நாலு நிமிஷத்துல ரெடியாகி, பெரியவங்க அயிட்டத்துக்காகக் காத்துக் கிடக்கும். அதனால உட்கார்ந்ததும் பசங்களுக்கு மட்டும் முதல்ல சொல்லுங்க. "இதுக்குத் தனி கே.ஓ.டி. போட்டுடுங்க, எங்களுக்கு அப்புறம் சொல்றோம்"னு சொன்னா எந்த சர்வரும் புரிஞ்சுப்பார். கே.ஓ.டி.ங்கற வார்த்தை உங்க வாயில வந்தாலே கொஞ்சம் நிமிர்ந்து நிப்பார், அது வேற விஷயம்.

நேரம் இன்னொண்ணு. கடை திறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடுங்க. கிச்சன்ல ஆர்டர் குவிஞ்சிருக்காது, பாத்ரூம் சுத்தமா இருக்கும், சர்வர்களுக்கு முகத்துல சிரிப்பு மிச்சம் இருக்கும். கூட்டம் ஏறும்போது நீங்க பில் கொடுத்துட்டு எழுந்திருப்பீங்க. பில்லையும் கடைசி அயிட்டம் டேபிளுக்கு வர்றப்பவே கேட்டுடணும். சாப்பிட்டு முடிச்ச குழந்தையை வச்சுக்கிட்டு பில்லுக்காகக் காத்திருக்கறதுதான் இருக்கறதுலயே பெரிய தண்டனை.

போன்ல "ஹை சேர் இருக்கா"ன்னு கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்லுவாங்க, நானும் சொல்லியிருக்கேன். "எத்தனை இருக்கு, பெல்ட் வேலை செய்யுதா, எங்க பேர்ல ஒண்ணு எடுத்து வைப்பீங்களா"ன்னு கேளுங்க. பெல்ட்னா இடுப்பைச் சுத்தி மட்டும் போதாது, ரெண்டு காலுக்கு நடுவுலயும் வரணும். உங்க பொண்ணு சறுக்கினது அது இல்லாததாலதான். சேரை டேபிளோட ஒட்டிப் போடாதீங்க. குழந்தை டேபிளை உதைச்சு எம்பினா சேரோட பின்னால சாயும்.

எந்த டேபிள்ங்கறதை வாசல்ல இடம் காட்டற ஹோஸ்ட்கிட்ட விடாதீங்க, நீங்களே கேளுங்க. கிச்சன் கதவு, தட்டு எடுத்துட்டு சர்வர்கள் ஓடுற வழி, ரெண்டும் ஆகாது. சூடான சூப்போட வர்றவர் கண்ணு தட்டு மேல இருக்கும், முழங்கால் உயரத்துல நிக்கிற குழந்தை மேல இருக்காது. டேபிள்ல துணி விரிச்சிருந்தா எடுக்கச் சொல்லுங்க. சின்னது அதைப் பிடிச்சு இழுத்தா மேல இருக்கிற அத்தனையும் அவ மேலதான். 60 டிகிரி சூட்டுல இருக்கிற தண்ணி பெரியவங்க தோலையே அஞ்சு செகண்டுல ஆழமா பொசுக்கிடும். குழந்தைத் தோல் மெலிசு, அவ்வளவு நேரம்கூட வேண்டாம். நான் ஃப்ளோர்ல பயந்தது திருடனுக்கு இல்ல, இதுக்குத்தான்.

உங்க மாமனார் விஷயம். உள்ள நுழைஞ்சதும் மேலயும் கீழயும் பாருங்க. உயரமான வெறும் கூரை, டைல்ஸ் தரை, சுத்தியும் கண்ணாடி இருந்தா பேசற பேச்செல்லாம் மோதித் திரும்பும். பாக்க ஜோரா இருக்கும், காது மெஷினுக்கு அது நரகம். திரைச்சீலை, மெத்தை வச்ச இருக்கை உள்ள இடம் சத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சிடும். ஸ்பீக்கருக்குக் கீழ உட்காராதீங்க. பேசறவங்க முகத்துல வெளிச்சம் படுற மாதிரி உட்கார்ந்தா அவங்க உதட்டைப் பாத்தும் அவர் கொஞ்சம் புரிஞ்சுப்பார்.

கிட்ஸ் மெனுவை நம்பிப் போகவேண்டாம். அமெரிக்காவுல 1920ல இருந்து 1933 வரைக்கும் மதுவிலக்கு இருந்தப்போ, சாராய வருமானம் போன ஹோட்டல்கள் குழந்தைகளை உள்ள விட ஆரம்பிச்சு தனி மெனு போட்டதா சொல்லுவாங்க. அப்போ டாக்டர்கள் சொன்னபடி வேகவச்ச, காரமில்லாத சாப்பாடா இருந்ததாம். இப்போ பெரும்பாலும் பொரிச்சதுதான். பெரியவங்க மெனுவுல ஒரு அயிட்டத்தை காரமில்லாம அரை அளவு கேட்டா பல இடத்துல செஞ்சு கொடுப்பாங்க.

கடலை_ஒவ்வாமை_வீடு:

அண்ணா சொன்னதெல்லாம் சரி. ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். உங்க வீட்ல ஒவ்வாமை இல்லன்னா இதைத் தாண்டிப் போயிடுங்க.

எங்க பையனுக்கு வேர்க்கடலை ஆகாது. "அதுல கடலை இல்லம்மா"ங்கற பதில் எங்களுக்கு பதிலே இல்லை. அதே எண்ணெயில கடலை பொரிச்சிருக்கலாம், அதே கரண்டி பட்டிருக்கலாம். வறுத்தாலும் பொரிச்சாலும் வேர்க்கடலையோட ஒவ்வாமை போகாது. அதனால கூட்டமில்லாத நேரத்துல போன் பண்ணி, சமைக்கிறவர்கிட்டயே கேட்பேன்: தனிப் பாத்திரம், தனி எண்ணெய் முடியுமா? "பாத்துக்கலாம்"னு இழுத்தா அந்த இடம் வேண்டாம். "முடியாது"ன்னு நேரா சொல்ற இடத்தைத்தான் நான் மதிக்கிறேன், நிஜமா.

டாக்டர் எழுதிக்கொடுத்த அட்ரினலின் ஊசி என் கைப்பையிலயே இருக்கும், கார்ல இல்ல. மூச்சுத் திணறல் வந்தா முதல்ல அதுதான், உடனே ஆம்புலன்ஸ். அலர்ஜி மாத்திரை அந்த நேரத்துக்குப் போதாது.

ஒவ்வாமை இல்லாத ஒன்றரை வயசுக்கும் முழுக் கடலை, முந்திரி, பாதாம், முழு திராட்சை எதுவும் வேண்டாம். தொண்டையில அடைச்சுக்கும். திராட்சையா இருந்தா நீளவாக்குல நாலா நறுக்கணும். அப்பப்போ டேபிள்ல கொறிக்க வைக்கிறாங்களே, அந்தக் கிண்ணத்தைத்தான் முதல்ல நகர்த்தணும்.

தாத்தா_இன்னும்_யங்:

போன் கொடுத்தா என்னங்க தப்பு? ஒருநாள் தானே.

இரட்டைவால்_அம்மா:

தப்பில்ல சார். ஆனா எங்க பெரியவன் கையில போன் இருந்தா தாத்தாகூட பேசவே மாட்டான். அவர் வர்றதே அவன்கூட பேசத்தான்.

சூப்பர்வைசர் அண்ணா, ரொம்ப நன்றி. மூணு இடத்துக்குப் போன் பண்ணேன். பெல்ட் பத்திக் கேட்டதும் ஒரு இடத்துல "ஒரு நிமிஷம்"னு சொல்லிட்டு போய்ப் பாத்துட்டு வந்து "அறுந்திருக்கு மேடம், மாத்தி வைக்கிறோம்"னாங்க. எனக்கு அங்கதான் போகணும்னு தோணுது. இன்னொண்ணு: கேக் நாங்களே கொண்டுபோகலாமா?

பழைய_ஃப்ளோர்_சூப்பர்வைசர்:

அங்கயே போங்க. கேக் விஷயத்தை இப்பவே கேட்டுடுங்க. வெளிச் சாப்பாடு எதுவுமே உள்ள விடாத இடம் இருக்கு, கேக்கை மட்டும் விடுற இடம் இருக்கு, வெட்டித் தட்டுல வைக்கத் தனியா காசு வாங்கற இடமும் இருக்கு. பொறி பறக்கிற மெழுகுவர்த்தி வேண்டாம், மேல புகை சென்சார் இருக்கும், ஒன்றரை வயசும் கை நீட்டும். கிரீம் கேக்குன்னா அவங்க ஃப்ரிட்ஜ்ல இடம் இருக்கான்னும் கேளுங்க. கேக்கை எப்போ கொண்டுவரணும்னு சர்வர்கிட்ட நேரத்தோட சொல்லி வைங்க, இல்லாட்டி பெரியவன் அதைப் பாத்துட்டு ஒரு வாய் சாப்பிடமாட்டான்.