புதுப்பிப்பு: தண்டர்பேர்டில் மெயிலை அழித்தும் இடம் குறையாதது

தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் ட்ராஷைக் காலி செய்த பிறகும் பாப் (மெயிலைக் கணினிக்கே இறக்கி வைக்கும் முறை) கணக்கின் இன்பாக்ஸ் கோப்பு 3 ஜிபியிலேயே நிற்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்தது.

தண்டர்பேர்ட் மெயிலைச் சேமிக்கும் எம்பாக்ஸ் என்ற முறையில் ஒரு ஃபோல்டரின் மெயில் அத்தனையும் ஒரே கோப்பில் வரிசையாக இருக்கும். டெலீட் கொடுத்தால் 'அழிந்தது' என்ற குறி மட்டும்தான் விழும். மெயில் உள்ளேயே கிடக்கும். ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து 'காம்பேக்ட்' கொடுத்தால்தான் மிச்சமுள்ளவை புதுக் கோப்புக்குப் போய், பழையது நீங்கும். ஆகவே டிஸ்க்கில் முதலிலேயே கொஞ்சம் இடம் வேண்டும். நடுவில் தண்டர்பேர்டை மூடிவிடாதீர்கள். அதற்குமுன் ப்ரொஃபைல் ஃபோல்டரை (மெயிலும் செட்டிங்ஸும் இருக்கும் இடம்) நகலெடுத்து வைப்பது நல்லது.

தானாக நடக்க: செட்டிங்ஸ், ஜெனரல், கடைசிப் பகுதியில் 'காம்பேக்ட்' வரியில் 200 எம்பி என்றிருக்கும், அதாவது அவ்வளவு இடம் மிச்சமாகும் என்றால்தான் நடக்கும். அதை 50 ஆக்கினால் போதும். மெயில் பட்டியல் தாறுமாறானால் ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் 'ரிப்பேர் ஃபோல்டர்' கொடுங்கள். அது அட்டவணையைத்தான் புதிதாகக் கட்டும், இடத்தை மீட்காது.