21 வாட் என்று போட்டிருக்கிறது, கணக்கில் 160 வாட் வருகிறது. அவசரம்!

அரைகுறை_சர்க்யூட்:
லோடு மேல் 12 வோல்ட், 21 வாட் என்று அச்சடித்திருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால் ரெசிஸ்டன்ஸ் 0.9 ஓம். வாட்டுக்கு V²/R (வோல்ட்டின் வர்க்கம் வகுத்தல் ஓம்) போட்டால் 144 வகுத்தல் 0.9, அதாவது 160 வாட். எட்டு மடங்கு வித்தியாசம்! மீட்டரை நம்பி ரெசிஸ்டர் போட்டேன், போய்விட்டது. எது சரி? ராத்திரிக்குள் முடிக்க வேண்டும்.

பாதரசம்:
லோடு என்றால் என்ன? மோட்டாரா, ஹீட்டரா, பல்பா? போய்விட்டது என்றால் எது போனது, ரெசிஸ்டரா லோடா? ஏசியா டிசியா?

ஒன்பது_வோல்ட்:
மீட்டருக்குள் இருக்கும் பேட்டரியை மாற்றுங்கள். தேய்ந்த பேட்டரி கண்டபடி காட்டும். எனக்கு மூன்று முறை இப்படி நடந்திருக்கிறது.

மூத்த_கம்பி:
தம்பி, ஓம் என்பவர் வோல்டேஜ் = கரண்ட் × ரெசிஸ்டன்ஸ் என்ற விதியை வெளியிட்டது 1827இல். இன்னும் பள்ளிப் பாடத்தில்தான் இருக்கிறது. புத்தகத்தை ஒரு முறை புரட்டிவிட்டு இங்கே வந்திருக்கலாம். வோல்டேஜ் V, கரண்ட் I, ரெசிஸ்டன்ஸ் R, வாட் கணக்கு P, இந்த நான்கில் எந்த இரண்டு தெரிந்தாலும் மற்ற இரண்டும் வந்துவிடும். இதற்கு ஓர் இழை தேவையா?

சுழல்விசிறி:
பவர் ஃபேக்டராக இருக்குமோ? ஏசியில் வோல்டேஜும் கரண்டும் சேர்ந்து ஏறி இறங்காவிட்டால் வாட் குறையுமே, அது.

பாதரசம்:
வாட்டேஜ் தப்பாக வந்தாலே பவர் ஃபேக்டரா? ஓம் மீட்டர் டிசியில்தான் அளக்கிறது. முதலில் அவர் பதில் சொல்லட்டும்.

ஈயப்புகை:
மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வைத்தால் எவ்வளவு காட்டுகிறது? ஒரு ஓமுக்குக் கீழே அளக்கும்போது அதைக் கழிக்காமல் எழுதுவதில் அர்த்தமில்லை.

அரைகுறை_சர்க்யூட்:
மன்னிக்கவும். பல்புதான், இழை உள்ள சின்ன குண்டு பல்பு. 24 வோல்ட் பேட்டரியில் எரிய வைக்க வேண்டும். பாதி வோல்டேஜ் ரெசிஸ்டரில் விழட்டும் என்று பல்புக்குச் சமமாக 1 ஓம், 5 வாட் போட்டேன், அந்த வெள்ளைச் செங்கல் மாதிரி இருக்குமே, அது. பளிச்சென்று எரிந்து பல்பு போய்விட்டது. ரெசிஸ்டர் நன்றாக இருக்கிறது. முனைகளைத் தொட்டால் 0.3.

ஈயப்புகை:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு பல்பு மிஞ்சியிருக்கும்.

0.3 போனால் பல்பு 0.6 ஓம். அது அணைந்து குளிர்ந்து கிடக்கும்போது. டங்ஸ்டன் இழை வெள்ளையாக எரியும்போது இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் போகிறது, ரெசிஸ்டன்ஸ் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். மீட்டரை எடுத்து வைத்துவிட்டு அச்சில் உள்ளதையே கணக்குப் போடுங்கள். 21 வகுத்தல் 12, கரண்ட் 1.75 ஆம்பியர். 12 வகுத்தல் 1.75, ரெசிஸ்டன்ஸ் 6.86 ஓம். எரிகிற பல்பு இதுதான்.

நீங்கள் போட்ட 1 ஓமில் சுவிட்ச் போட்ட கணத்தில் (பல்பின் 0.6-ஐயும் சேர்த்து) 24 வகுத்தல் 1.6, அதாவது 15 ஆம்பியர் பாய்ந்திருக்கும். இழை சூடேறியதும் கரண்ட் இரண்டரை ஆம்பியர் பக்கம் இறங்கும். அப்போது ரெசிஸ்டரில் விழுவது இரண்டரை வோல்ட்தான். மிச்சம் 21 வோல்ட்டுக்கு மேல் பல்பின் தலையில். அதுதான் பளிச்.

மூத்த_கம்பி:
அப்படியென்றால் பல்பு ஓம் விதிக்குக் கட்டுப்படவில்லை என்று எழுதுங்கள். R மாறினால் அது விதியே அல்ல.

பாதரசம்:
நாலு பதிலுக்கு முன்னால் நீங்கள்தானே எந்த இரண்டு தெரிந்தாலும் போதும் என்றீர்கள்? V-யை I-யால் வகுத்தால் அந்த நிமிடத்து R வரும், அது எல்லாப் பொருளுக்கும் பொருந்தும். அந்த R மாறாமல் இருந்தால்தான் ஓம் விதி. இரண்டும் வேறு வேறு.

மூத்த_கம்பி:
வெப்பநிலை மாறாதபோது என்றுதான் விதியிலேயே இருக்கிறது. நான் சொன்னதில் தப்பு இல்லை.

பாதரசம்:
அந்த நிபந்தனையை அவருக்குச் சொல்லியிருந்தால் உதவியாக இருந்திருக்கும், ஐயா.

ஒன்பது_வோல்ட்:
இருந்தாலும் மீட்டர் பேட்டரியை ஒரு முறை பாருங்கள்.

சுழல்விசிறி:
24 வோல்ட்டுக்கே 21 வாட் பல்பு வருகிறதே, அதை வாங்கினால் என்ன? இல்லையென்றால் ஒரே மாதிரி 12 வோல்ட் பல்பு இரண்டை சீரிஸில், ஒன்றன்பின் ஒன்றாக, போடலாம். ரெசிஸ்டரில் வீணாகிற பாதி மின்சாரமும் வெளிச்சமாகும்.

ஈயப்புகை:
இந்த இழையின் நல்ல பதில் இதுதான். ரெசிஸ்டர்தான் வேண்டுமென்றால் 6.8 ஓம். 1.75-ஐ 1.75-ஆல் பெருக்கி 6.8-ஆல் பெருக்குங்கள், கிட்டத்தட்ட 21 வாட். பல்பு தின்கிற அளவே ரெசிஸ்டரும் தின்னும். 5 வாட் எல்லாம் கருகிவிடும், 50 வாட் போடுங்கள்.

அரைகுறை_சர்க்யூட்:
6.8 ஓம், 50 வாட் போட்டேன். எரிகிறது. பல்பில் 12.1 வோல்ட். எல்லாருக்கும் நன்றி. ரெசிஸ்டரைத் தொடவே முடியவில்லை, அது சரிதானே?

ஈயப்புகை:
சரிதான், சின்ன சால்டரிங் அயர்ன் அளவு சூடு அது. எதன் மேல் திருகி வைத்திருக்கிறீர்கள்? அலுமினியத் தகடா?

ஈயப்புகை:
மரப்பலகை இல்லையே?