எருதுக்குத் தோள் சதை வற்றுது, கரண்ட் மெஷின் வெச்சும் துடிக்கலை. ஏன்?

கேள்வி (பென்னாகரம்):
ஆலம்பாடி எருது, 6 வயசு. கல்தூண்ல வலது தோள் இடிச்சு 3 வாரம் ஆகுது. வீக்கம் வடிஞ்சிடுச்சு. ஆனா தோள்பட்டை எலும்போட நடுமேடு கைக்குத் தட்டுது, கால் ஊன்றப்ப தோள் வெளியே பிதுங்குது. நரம்பு அடிபட்டிருக்கும்னு டாக்டர் சொன்னார். மனுசங்களுக்குச் சதையைத் தூண்டுற கரண்ட் மெஷின்ல 50 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 50 துடிப்பு), ஒரு துடிப்பு 300 மைக்ரோசெகண்ட் நீளம்னு வெச்சா சதை இழுக்கவே இல்லை. கூட்டினா மாடு உதறுது. மெஷின் கோளாறா?

பதில் (காரிமங்கலம்):
கரண்ட் கொடுக்க ஒட்டுற பேட்தானே வெச்சீங்க? மயிர் மேல அது முழுசாப் பிடிக்காது. தொட்ட கொஞ்ச இடத்துலயே கரண்ட் குவிஞ்சு சுருக்குனு குத்தும், அதான் உதறுது. மயிரை ஒட்டக் கத்தரிச்சு, சோப்புப் போட்டுக் கழுவித் துடைங்க. கார்பன் ரப்பர் பேட்ல ஜெல் தடவி, பட்டையால இறுக்கிக் கட்டுங்க. ரெண்டு பேட் ஜெல்லும் ஒண்ணு சேரக் கூடாது. சேர்ந்தா கரண்ட் தோல் மேலயே ஓடிடும். அப்புறம் அதே அளவுல இடது தோள்லயும் வெச்சுப் பாருங்க.

கேட்டவர்:
இடது நல்லா இழுக்குது அண்ணா. வலதுல தோல் மட்டும் சிலிர்க்குது.

பதில் (ஓசூர்):
அப்போ மெஷின் சரிதான். சிலிர்க்கிறது தோலுக்கு அடியில இருக்கிற மெல்லிய தசை, அதை நம்பாதீங்க. இந்த மெஷின் நரம்பைத் தூண்டித்தான் சதையை இழுக்க வைக்கும். இந்தத் தோள் சதையை இயக்குற சூப்ராஸ்கேப்புலர் நரம்பு தோள்பட்டை எலும்போட முன்விளிம்பை ஒட்டி வளைஞ்சு போகுது, இடிச்சா அங்கதான் நசுங்கும். நரம்பு செத்த சதையை நேரடியா இழுக்க 10 மில்லிசெகண்டுக்கு மேல நீளமான துடிப்பு வேணும். அவ்வளவு நேரம் ஒரே திசையில ஓடுற நேர்மின்சாரம் தோலைச் சுட்டுடும், வீட்டுல வேண்டாம். மின்வேலிக்குக் கரண்ட் கொடுக்கிற மெஷினை வெச்சுப் பார்க்கலாமான்னு யோசிக்கவே கூடாது.

நரம்பு இழை அறுந்திருந்தா நாளுக்குச் சுமார் 1 மி.மீ.தான் வளரும். 10 செ.மீ. தூரம்னா மூணு மாசம் தாண்டும். வெறும் நசுங்கல்னா சில வாரத்துலயே திரும்பலாம். அதுவரை நுகம் வேண்டாம். மெத்துன்னு இருக்கிற தரையில மெதுவா நடத்துங்க, கையால பிடிச்சு விடுங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை மெஷின் வெச்சுச் சோதிங்க. துடிப்பு தெரிஞ்சதும் 35–50 ஹெர்ட்ஸ், 300 மைக்ரோசெகண்ட், 3 செகண்ட்ல கரண்ட் மெதுவா ஏற்றம், 10 செகண்ட் ஓட்டம், 40 செகண்ட் ஓய்வு. மொத்தம் 15 நிமிசம். ரெண்டு பேடும் ஒரே தோள்லயே இருக்கணும், நெஞ்சுக்குக் குறுக்கே கரண்ட் போகவே கூடாது.

வலி ஊசி டாக்டர்தான் போடணும். டைக்ளோஃபெனாக்ங்கிற வலி மருந்து கால்நடைக்கு 2006-லயே தடை, பதிலா மெலாக்சிகம் கேளுங்க.